வகுப்பில் நான் வாசித்துக் காட்டுவதா, பிள்ளைகளை வாசிக்க விடுவதா?

மூணாங்கிளாஸ் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், வகுப்பில் 30 பேருக்கு மேல். தினமும் மதியம் முதல் பீரியடில் 20 நிமிஷம் கதைப் புத்தகத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். பாடப் புத்தகம் இல்லை, நூலகத்திலிருந்து எடுத்து வருகிற கதைகள்.

எங்கள் பள்ளியில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம், முதல் வரிசையில் ஆரம்பித்து ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று வாசித்துக்கொண்டே போவது. அதைக் கவனித்துப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தனக்கு எந்தப் பத்தி வரும் என்று முன்னாடியே விரல் விட்டு எண்ணி, அதை மட்டும் உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் வாசிப்பவள் என்ன வாசித்தாள் என்று யார் காதிலும் விழுவதில்லை. தன் முறை முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பெண் ஒரு பக்கத்தையே ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறாள், இன்னொருவன் எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் மற்றவர்கள் நெளிகிறார்கள். ஒரு பையனுக்குத் திக்குவாய். முறை நெருங்க நெருங்க அவன் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது.

நானே வாசித்தால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடுகிறது, எல்லாக் கண்ணும் என் மேல். ஆனால் சக ஆசிரியர் ஒருவர், “எல்லாத்தையும் நீங்களே வாசிச்சா அவங்க எப்போ வாசிக்கக் கத்துக்கறது? சும்மா உக்காந்து கேக்கறது ஒரு பாடமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தது, ஆனால் அவரை ஒப்புக்கொள்ள வைக்கிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு: புத்தகத்தில் எழுத்துத் தமிழில் இருப்பதை அப்படியே வாசிக்கவா, பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லவா?

வெண்பலகை:

டீச்சர், உங்கள் சக ஆசிரியரின் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நீங்கள் வாசித்துக் காட்டுவது ஒரு வேலை, பிள்ளை வாசிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் ஒரே 20 நிமிஷத்துக்குள் திணித்தால் இரண்டுமே உருப்படாது.

1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு சின்னச் சூத்திரமாகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லாகப் படிக்கிற திறமை ஒன்று, அதே சொற்களைக் காதால் கேட்டால் புரிந்துகொள்கிற மொழித்திறமை இன்னொன்று, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். கடகடவென்று ஒரு பக்கத்தை ஓட்டிவிட்டு, “என்னம்மா நடந்தது கதையில்?” என்று கேட்டால் முழிக்கிற பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், உங்கள் வகுப்பின் அந்த ஒரே மூச்சுப் பெண்ணிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவளுக்கு முதல் எண் நன்றாக இருக்கிறது, இரண்டாவதை வளர்க்க வேண்டியிருக்கலாம். எழுத்துக் கூட்டுகிற பையனுக்கு நேர் எதிராகவும் இருக்கலாம், கதையைக் காதால் கேட்டால் அவன்தான் முதலில் சிரிப்பான்.

மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காதால் புரிவது, தானாக வாசித்துப் புரிவதை விட நிறைய மேலே இருக்கும். தொடக்கப் பள்ளி முழுக்கவே அப்படித்தான். அதனால் அவர்களால் இன்னும் தனியாக வாசிக்க முடியாத நல்ல நீளமான கதையை, அதன் சொற்களோடும் வாக்கிய அமைப்போடும், உங்கள் குரல் மட்டும்தான் இன்றைக்கே அவர்களிடம் கொண்டு சேர்க்க முடியும். ஆளுக்கு ஒரு பத்தி முறையில் கதையே நூறு துண்டாகிவிடுகிறது. 1985இல் அமெரிக்காவில் வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த நிபுணர் குழு ஒன்று, பிற்காலத்தில் நன்றாக வாசிப்பதற்குத் தேவையான அறிவை வளர்ப்பதில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதைப் போல முக்கியமானது வேறு இல்லை என்று தன் அறிக்கையில் சொன்னது, பிள்ளை வாசிக்கத் தெரிந்துகொண்டதும் நிறுத்திவிடாமல் மேல் வகுப்புகளிலும் தொடர வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் சக ஆசிரியரிடம் இதைக் காட்டலாம்.

ஆனால் சும்மா உட்கார்ந்து கேட்பதாக அது ஆகிவிடக் கூடாது, அந்த இடத்தில் அவர் சொல்வது சரி. வாசிப்பதற்கு முந்தின நாள் நான் புத்தகத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுவேன், கண்ணால் மட்டும் பார்த்தால் மூச்சு எங்கே முட்டும் என்று தெரியாது. நின்று கேட்க வேண்டிய இடங்களில் மட்டும் சின்ன ஒட்டுத்தாள். இரண்டு மூன்று இடம் போதும், அதற்கு மேல் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

கேள்வியும் “புரிஞ்சுதா?” என்று இருக்கக் கூடாது, அதற்கு எல்லோரும் ஒரே குரலில் “புரிஞ்சுது டீச்சர்” என்பார்கள். “அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி அமைதி வகுப்பில் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும். நான் மனசுக்குள் எண்ணுவேன். அப்புறம், ஒருவரைக் கேட்காமல் “பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லு” என்றால் 30 பேரும் பேசிவிடுகிறார்கள்.

புதிய சொல் வந்தால் அகராதி மாதிரி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். “அவள் வாசலில் தயங்கினாள்” என்று வாசித்துவிட்டு, அதே குரலில், “உள்ளே போகலாமா வேண்டாமா என்று அப்படியே நின்றுவிட்டாள்” என்று சொல்லிக் கடந்து போகலாம். நியூசிலாந்தில் எல்லி என்பவர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: 7, 8 வயதுப் பிள்ளைகள் கதையை வெறுமனே கேட்டாலே புதிய சொற்களைக் கற்றுக்கொள்கிறார்கள், போகிற போக்கில் ஆசிரியர் பொருளும் சொன்னால் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிறது.

அலமாரிக்காரர்:

நான் ஆசிரியர் இல்லை, குழந்தைகள் நூலகத்தில் வேலை. வெண்பலகை சார் சொன்னதோடு புத்தகம் சம்பந்தமாக மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

30 பேர் உள்ள வகுப்பில் எல்லாப் படப் புத்தகமும் எடுபடாது. படம் பொடியாக இருந்து, கதையின் பாதி அந்தப் படத்திலேயே ஒளிந்திருந்தால் அது மடியில் உட்கார வைத்து வாசிக்கிற புத்தகம், வகுப்புக்கு இல்லை. பெரிய உருவங்கள், பக்கத்துக்கு நாலைந்து வரி, பேச்சு அதிகம் உள்ள கதைகளாகப் பாருங்கள். புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடித்தால் உங்களுக்கு எழுத்து தெரியாது, தோளுக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளைப் பார்த்தபடி பிடித்துப் பழகுங்கள். முதலில் வாசித்து, பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் படத்தைக் காட்ட வேண்டும். அவசரமாகக் காட்டினால் “எனக்குத் தெரியல டீச்சர்” என்று கூச்சல்தான்.

நீளமான கதை என்றால் அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், அடுத்தது என்ன ஆகும் என்று துடிக்கிற வரியில் மூடுங்கள். மறுநாள் அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.

கதை மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எறும்பு, நிலா, எரிமலை என்று தகவல் புத்தகங்களையும் வாசித்துக் காட்டலாம், கதை என்றால் காது கொடுக்காத சில பிள்ளைகள் அதற்கு நிமிர்ந்து உட்காருவார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டியதும் இல்லை, பொருளடக்கத்தை வாசித்துக் காட்டி “எதைத் திறக்கலாம்?” என்று அவர்களையே கேட்கலாம்.

நான் மிக முக்கியம் என்று நினைப்பது இது: வாசித்து முடித்த புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வகுப்பிலேயே கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கட்டும். டீச்சர் வாசித்த புத்தகத்தைத்தான் பிள்ளைகள் முதலில் எடுப்பார்கள். கதை ஏற்கனவே தெரியும் என்பதால் கஷ்டமான சொல்லையும் ஊகித்துத் தாண்டிவிடுகிறார்கள், தானாக ஒரு முழுப் புத்தகம் வாசித்த பெருமை அங்கேதான் பல பேருக்குக் கிடைக்கிறது. அதே கதையைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் தயங்காமல் வாசியுங்கள்.

ஐந்தாம் மணி:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆளுக்கு ஒரு பத்தி முறையை நிறுத்துகிறேன் என்று பிள்ளைகளின் குரலைக் கேட்பதையே நிறுத்திவிடக் கூடாது. வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டால்தான் யார் எங்கே சிக்குகிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். ளகரமும் ழகரமும் குழம்புகிறதா, பல சொற்கள் சேர்ந்து நீண்டு கிடக்கிற சொல்லை உடைக்கத் தெரியவில்லையா, அல்லது எல்லாம் சரியாக வாசித்தும் நிறுத்த வேண்டிய இடம் தெரியவில்லையா, இதெல்லாம் மௌன வாசிப்பில் தெரியவே தெரியாது. அதற்கு வேறு நேரம் வையுங்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், சுற்றி 30 பேர் பார்க்கிற கூச்சம் அங்கே இல்லை.

வகுப்பாக வாசிக்க வேண்டும் என்றால், நீங்கள் வாசித்து முடித்த கதையிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். முதலில் நீங்கள் ஒரு வரி, அதே ஏற்ற இறக்கத்தோடு அவர்கள் ஒரு வரி. பிறகு எல்லோரும் சேர்ந்து. பிறகு இரண்டு இரண்டு பேராக ஒருவருக்கொருவர். தயார் செய்யாமல் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது பெரியவர்களுக்கே கடினம், பிள்ளைகளிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி: இந்த வரியைப் பாருங்கள். “மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர் எதுவும் பேசாமல் குடையை மட்டும் அவளிடம் நீட்டினார்.” எழுத்துக் கூட்டுகிற பிள்ளை, “மரத்தடியில்... உட்கார்ந்திருந்த... கிழவர் எதுவும்... பேசாமல் குடையை... மட்டும் அவளிடம்...” என்று வாசிக்கும். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, ஆனால் பேசாமல் இருந்தது கிழவரா குடையா என்றே புரியாது. நான் கரும்பலகையில் வரியை எழுதிச் சாய்கோடு போட்டுவிடுவேன்: மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர் / எதுவும் பேசாமல் / குடையை மட்டும் / அவளிடம் நீட்டினார். கோட்டில் மட்டும்தான் மூச்சு விடலாம் என்று சொல்லி இரண்டு முறை சேர்ந்து வாசித்தால் போதும், மூன்றாவது வரிக்கு அவர்களே கோடு போட்டுக் காட்டுவார்கள். கோடு சரியான இடத்தில் விழுந்தால் வரி புரிந்துவிட்டது என்று அர்த்தம், தனியாகக் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை.

அப்புறம் உங்கள் இரண்டாவது சந்தேகம். என் அபிப்பிராயம், எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசியுங்கள். பேச்சுத் தமிழ் பிள்ளைகளிடம் ஏற்கனவே இருக்கிறது. “போய்க்கொண்டிருந்தாள்”, “அவனால் நம்ப முடியவில்லை” என்பதெல்லாம் காதில் பல முறை விழுந்தால்தான் புத்தகத்தில் பார்க்கும்போது பழக்கமான முகமாகத் தெரியும். எழுத்துத் தமிழைப் பிள்ளை வேறு எங்கே கேட்கப் போகிறது?

கதை அக்கா:

கடைசி விஷயத்தில் மட்டும் நான் வேறு கட்சி. மூன்றாம் வகுப்புக்கு நீங்கள் சொல்வது சரி. முதல் வகுப்புக்கு, அதிலும் வீட்டில் கதைப் புத்தகமே பார்க்காமல் வருகிற பிள்ளைகளுக்கு, முதல் முறை பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிக்கிறேன். கதை தெரிந்துவிட்டதால் எழுத்துத் தமிழ் அந்நியமாகத் தெரிவதில்லை. பாத்திரங்கள் பேசுகிற இடங்களைப் பெரிய வகுப்பிலும் பேச்சுத் தமிழில் சொல்லலாம், அங்கே குரலும் மாறுவதால் யார் பேசுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் ஒன்று, பிள்ளைகள் கையிலும் புத்தகம் இருந்து விரல் வைத்துப் பின்தொடர்கிறார்கள் என்றால் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். கண் ஒன்றைப் பார்த்துக் காது இன்னொன்றைக் கேட்டால் தொடக்க வாசகர்கள் தடுமாறிப் போவார்கள்.

குரல் மாற்றம் என்றதும் நடிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வேகத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. பயமான இடத்தில் குரலைத் தாழ்த்துங்கள், பின் வரிசையும் சேர்ந்து முன்னால் குனியும்.

மூணாங்கிளாஸ் டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சாய்கோடு யோசனையை நாளைக்கே செய்யப் போகிறேன், அந்தப் பெருக்கல் கணக்கைச் சக ஆசிரியரிடமும் சொல்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. திக்குகிற பையனை என்ன செய்வது? வாசிக்கவே கூப்பிடாமல் விட்டால் ஒதுக்கியது போல ஆகிவிடாதா? இன்னொன்று, நான் வாசிக்கும்போது நாலைந்து பேர் கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கவனிக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

கதை அக்கா:

கை கால் ஆடுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை டீச்சர். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, கேட்டுக்கொண்டே வரையச் சொல்லுங்கள். கதை முடிந்ததும் தாளைப் பார்த்தால் யார் கேட்டார்கள் என்று தெரிந்துவிடும். மேசையைத் தள்ளிவிட்டுத் தரையில் உங்களைச் சுற்றி உட்கார வைத்தாலும் ஆட்டம் குறையும். மிரட்டி உட்கார வைத்தால் மட்டும் கதை நேரம் தண்டனை நேரமாகிவிடும்.

பையனின் அம்மா:

திக்கிப் பேசுகிற பையனின் அம்மாவாக எழுதுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை டீச்சர், அவன் முகம் மாறுவதைக் கவனித்தீர்களே, அதற்கே நன்றி சொல்லத் தோன்றுகிறது.

திக்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும், பேச்சுப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால் மேலே ஐந்தாம் மணி சொன்ன “எல்லோரும் சேர்ந்து” என்கிற முறை அவனுக்கு மிகப் பெரிய உதவி. இரண்டு பேராக வாசிக்கும்போதும் மாறி மாறி இல்லாமல் ஒன்றாகவே வாசிக்க விடுங்கள். அதற்காக அது திக்கலைக் குணமாக்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், தனியாகப் பேசும்போது திரும்ப வரும், அது இயல்பு.

தனியாக வாசிக்கிற விஷயத்தை அவனிடமே, யாரும் இல்லாதபோது கேளுங்கள். சில நாள் வேண்டும் என்பான், சில நாள் வேண்டாம் என்பான், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரிசைப்படி முறை வருகிறது என்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு நரகம். காத்திருக்கிற நேரம் முழுக்கப் பயம்தான் வளரும், கதை காதில் ஏறாது. அவன் ஒரு சொல்லில் நிற்கும்போது நீங்கள் அதை முடித்து வைக்காதீர்கள், “மெதுவா, மூச்சை இழுத்து விட்டுச் சொல்லு” என்றும் சொல்லாதீர்கள். நல்ல மனசோடுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அவனுக்கு அது “நீ தப்பாப் பேசறே” என்றுதான் கேட்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். முடித்ததும் எப்படி வாசித்தான் என்பதை விட்டுவிட்டு என்ன வாசித்தான் என்பதைப் பற்றிப் பேசுங்கள். வகுப்பில் யாராவது சிரித்தால் மட்டும் அந்த இடத்திலேயே, அவன் பெயரை இழுக்காமல், நிறுத்துங்கள்.

வெண்பலகை:

அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. டீச்சர், நேரத்தைப் பற்றி மட்டும் ஒன்று: 20 நிமிஷத்தில் 15 உங்கள் வாசிப்புக்கு, மீதி ஒரு பக்கத்தைச் சேர்ந்து வாசிக்க என்று ஆரம்பித்துப் பாருங்கள். கதை சூடு பிடித்திருக்கிற நாளில் 20ஐயும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் மறுநாள் காலை வரை காத்திருக்கும்.